பேரன் இடித்த மாளிகை

பழைய வீட்டுக்குச் சொந்தக்காரனாய்ப் பிறந்தவனுக்கு ஆலோசனைப் பஞ்சம் ஒரு நாளும் ஏற்படுவதில்லை. திருச்செங்கோட்டில் மலையடிவாரத்தில் நம் பாட்டனார் கட்டிய தொட்டிக்கட்டு வீட்டின் வடபுறச் சுவர், சென்ற ஐப்பசி மழையில் மேலிருந்து கீழ் வரையில் ஒரு விரற்கடை விரிந்து கொடுத்தது. அன்று முதல் வீதியில் போகிறவர்கள் எல்லாரும் நின்று, அண்ணாந்து பார்த்து, தலையை அசைத்துவிட்டு, ஆளுக்கோர் அபிப்பிராயம் அருளிச் சென்றார்கள். ரிக் வண்டித் தொழிலில் நாலு காசு பார்த்த அண்டை வீட்டுக்காரர், "தரை மட்டமாக்கிவிட்டு நாலு கடை கட்டி வாடகைக்கு விடுங்கள்" என்றார். கொத்தனார் கரணைப் பிடியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, வைத்தியர் நாடி பார்ப்பது போல் காதை வைத்துக் கேட்டு, "ஏனுங்க, உள்ளெ எல்லாம் மண்ணாப் போச்சுங்க. இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசாவே கட்டிப் போடலாமுங்க" என்று தீர்ப்பளித்தார். வேண்டுமானால் மேலே சிமெண்டு பூசிச் சில வருஷம் தள்ளலாம் என்று ஒரு சலுகையும் காட்டினார்.

கோயமுத்தூரில் பங்களா கட்டிக்கொண்டிருக்கும் நம் தம்பியின் யோசனை வேறு. "அண்ணா, வீடு போனால் போகட்டும். ஆசாரத்துத் தேக்குத் தூண் எட்டையும் நிலைக்கதவையும் பத்திரமாகக் கழற்றிவிடலாம். என் வீட்டு முன் ஹாலில் நிறுத்தினால் பாட்டனார் பெயரும் நிலைக்கும், பார்க்கிறவர்களும் மெச்சுவார்கள்" என்றான். காரைக்குடிப் பக்கத்தில் இத்தகைய தூண்களுக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதையும் விசாரித்து வைத்திருந்தான். நமக்கும் அது நியாயமாகவே பட்டது. மறைப்பானேன்?

ஆலோசனை சொல்லாதவர் ஒரே ஒருவர்தான். அந்த வீட்டின் பின்கட்டில் ஐம்பது வருஷமாய்க் குடியிருக்கும் நம் அத்தை. வயது எண்பத்திரண்டு. அவரை யாரும் கேட்கவுமில்லை.

இந்த நிலைமையில் தை மாதத்தில் மதுரையில் ஒரு கல்யாணம் வந்தது. பரமத்தி வேலூரில் காவேரியைக் கடந்து, கரூர், திண்டுக்கல் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். காலையில் முகூர்த்தம் முடிந்தது. மாலை வரவேற்பு வரையில் பொழுது கிடந்தது. கல்யாண வீட்டில் பகல் வேளையில் சும்மா உட்கார்ந்திருப்பவனிடம் எல்லாரும் தங்கள் வியாதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அதிலிருந்து தப்பும் பொருட்டே திருமலை நாயக்கர் மஹாலுக்குப் புறப்பட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

மீனாக்ஷி கோயிலிலிருந்து தென்கிழக்கே சுமார் ஒரு மைல். வீதியெங்கும் கடையும் வண்டியும் நெரிசலுமாயிருக்கிறது. அரண்மனை என்று சொல்லத்தக்கது எதுவும் கண்ணில் படவில்லையே என்று எண்ணிக்கொண்டே வாசலைக் கடந்து உள்ளே அடி வைத்தோம். அப்படியே நின்றுவிட்டோம்.

சுமார் இருநூற்று நாற்பது அடி நீளமும் நூற்று நாற்பது அடி அகலமும் கொண்ட ஒரு திறந்த வெளி. அதன் நான்கு புறமும் வெள்ளைத் தூண்கள். தூண் என்ற சொல்லை நாம் நம் வீட்டு ஆசாரத்தை வைத்துக் கற்றவர்கள். அந்தச் சொல் இங்கே போதவில்லை. ஒவ்வொன்றும் நாற்பது அடிக்குக் குறையாத உயரம். ஒருவன் இரு கைகளையும் விரித்துக் கட்டிப் பிடித்தால் பாதிச் சுற்றுக்கூட எட்டாது. உள்ளே கருங்கல், வெளியே சுண்ணாம்புப் பூச்சு. தூணுக்குத் தூண் தாண்டும் செங்கல் வளைவுகள் பூவிதழ் விரிந்தாற்போல் மடிப்பு மடிப்பாய் அமைந்திருக்கின்றன. வளைவு இஸ்லாமியருடைய கட்டட முறையைச் சேர்ந்தது. அதன் மேல் ஓடும் கொடிகளும் யாளிகளும் பறவைகளும் நம் கோயில் கோபுரத்து ஸ்தபதிகளின் கைவேலை. இரண்டும் சண்டையில்லாமல் ஒரே சுவரில் குடியிருக்கின்றன. பட்டப்பகல் வெயிலில் அந்த முற்றம் கண்ணைக் கூசச் செய்தது. தூண்களுக்குப் பின்னால் மட்டும் ஆற்று மணல் ஊற்றைப் போல் குளிர்ச்சி. புறாக்கள் உத்தியோகஸ்தர்களைப் போல் மேலே வரிசையாய் உட்கார்ந்து நம்மைப் பார்த்தன.

முற்றத்தின் மேற்குப் பக்கத்தில் படியேறினால் ஸ்வர்க்க விலாஸம். சிம்மாசனம் இருந்த மண்டபம் இதுவே. நடுவில் நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் சுமார் எழுபது அடி உயரத்தில் ஒரு பெரிய கும்மட்டம். இரும்பு இல்லை, மர உத்தரம் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டும் தாங்கிக்கொண்டும் நிற்பதுதான் அதன் இரகசியம். இதற்கு வடமேற்கில் நாடகசாலை. நாட்டியமும் சங்கீதமும் நடந்த இடத்தில் இப்பொழுது பழைய சிலைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆட்டம் நின்றுபோன பிறகும் சபையோர் கலையாமல் உட்கார்ந்திருப்பது போல் ஒரு பிரமை தட்டிற்று.

இதைக் கட்டிய திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரையில் ஆண்டவர். அவருக்கு முன்னால் தலைநகரம் திருச்சிராப்பள்ளிக்குப் போயிருந்தது. அதை மறுபடி மதுரைக்கே கொண்டுவந்து, 1636-ல் இந்த அரண்மனையை எழுப்பினார். செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளந்தான் வண்டியூர்த் தெப்பக்குளமாயிற்று என்று மதுரைவாசிகள் சொல்வார்கள். குளம் வெட்டிய வருஷம் 1645 என்பதைப் பார்க்கும்போது கணக்குச் சற்று உதைக்கிறது. ஆனால் நல்ல கதையைத் தேதி காட்டி மடக்குவது நம் வழக்கமன்று.

இந்த மாளிகையில் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியில் அக்காலத்தில் அதிகாரம் செலுத்தியவர்கள் தாரமங்கலத்துக் கெட்டி முதலியார்கள். மதுரை நாயக்கர்களுக்கு அடங்கிய பாளையக்காரர்கள் அவர்கள். தாரமங்கலத்துக் கைலாசநாதர் கோயிலும், நம் செங்கோட்டு மலைக் கோயிலின் சில திருப்பணிகளும் அவர்கள் பெயரைச் சொல்கின்றன. பிற்பாடு மைசூரார் வந்து இப்பிரதேசத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்றாலும், அதற்கு முன் நம் முன்னோர்கள் கட்டிய வரியில் ஒரு சிறு பங்கு மதுரை போய்ச் சேர்ந்துதானிருக்கும். ஆகவே ஏதோ ஒரு தூணில் அரை அங்குலச் சுண்ணாம்பு நம்முடையது என்று உரிமை கொண்டாடலாம்.

இதை ஓர் இத்தாலியச் சிற்பி திட்டமிட்டதாகச் சொல்வோரும் உண்டு. ராபர்ட் டி நொபிலி பாதிரியார் மதுரையில் இருந்த காலமாகையால், ஐரோப்பியர் யாருமே அங்கு எட்டிப் பார்க்கவில்லையென்று நாம் வாதிக்கப்போவதில்லை. ஆனால் நம்மவர் செய்தது பெரிதாயிருந்தால் உடனே கடலுக்கு அப்பால் ஓர் ஆசாமியைத் தேடுவது ஒரு பழைய நோய். அந்தக் கும்மட்டத்தடியில் நின்றபோது நமக்கு இந்த விஷயத்தில் தேசாபிமானம் பொங்கி வழிந்தது. அது வழிந்து முடிவதற்குள், அடுத்த அத்தியாயம் ஞாபகத்துக்கு வந்து முகத்தில் குளிர்ந்த நீரைத் தெளித்தது.

இன்று நாம் காணும் மஹால், கட்டியதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். அரசர் வசித்த ஸ்வர்க்க விலாஸத்தோடு, அவருடைய தம்பிக்கென்று ரங்க விலாஸம் என்ற மற்றொரு பெரும் பகுதியும் இருந்தது. அந்தப்புரம், ஆயுதசாலை, வாத்தியங்கள் முழங்கிய நவபத்கானா, பூந்தோட்டம், தடாகம் எல்லாம் இருந்தன. மிச்சம் எங்கே? மாலிக்காபூர் கொண்டுபோனானா? கும்பெனியார் பீரங்கி வைத்துத் தகர்த்தார்களா? இல்லை. திருமலை நாயக்கரின் சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கர் மறுபடி தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அங்கே தமக்கு ஓர் அரண்மனை வேண்டுமென்பதற்காகப் பாட்டனாருடைய அரண்மனையைப் பிரித்து, எடுக்கத் தகுந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்.

எட்டுத் தேக்குத் தூண்களும் ஒரு நிலைக்கதவும் நம் மனக்கண் முன் வந்து நின்றன. பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். நாம் படியில் உட்கார்ந்துவிட்டோம்.

பிறகு நடந்தது இன்னும் சங்கடமானது. கூரையும் காவலும் போன கட்டடத்தை மழை தின்றது. 1792-ல் மதுரைக்கு வந்த டேனியல் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர்கள் இருவர் இதை ஓர் இடிபாடாகவே வரைந்திருக்கிறார்கள். 1858-ல் டிரைப் என்ற பட்டாளத்து அதிகாரி எடுத்த புகைப்படங்களிலும் அதே சோகந்தான்: பிளந்த வளைவுகளும், சிதைந்த பூச்சும், நடுவில் புதரும். இதற்கிடையே மதுரைக் கோட்டையே போய்விட்டது. 1837 முதல் சில வருஷங்களில் கலெக்டர் பிளாக்பர்ன், ஊர் நெருக்கத்தைப் போக்கக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்துப் புதிய வீதிகளை உண்டாக்கினார். அதற்கு நன்றியாக ஊரார் அவர் பெயரால் ஒரு விளக்குத் தூண் நாட்டினார்கள். மதிலை இடித்தவருக்கு விளக்கு! ஆயினும் அந்த வீதிகளில் காற்று வாங்கி நடக்கும் நாம் அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

கடைசியில் மாளிகையைக் காப்பாற்றியவர் யார்? 1866 முதல் 1872 வரையில் சென்னை ராஜதானியில் கவர்னராயிருந்த லார்டு நேப்பியர். சென்னையில் கூவத்தின் முகத்துவாரத்துப் பாலத்தின் மூலம் அவர் பெயர் நம்மவர்க்குத் தெரியும். அவருடைய உத்தரவின் பேரில் சர்க்கார் பணம் செலவாயிற்று. பிற்காலத்தில் சென்னைக் கடற்கரையில் செனெட் மண்டபத்தைக் கட்டிய சிஷோம் துரை இங்கே பழுது பார்க்கும் வேலையில் ஈடுபட்டார். பிளந்த வளைவுகளைச் சேர்த்து, சாய்ந்த தூண்களை நிறுத்தி, போன பூச்சைப் புதிதாய்ப் பூசினார்கள். கட்டியவன் நம்மவன், உடைத்தவன் நம்மவன், எடுத்து நிறுத்தியவன் நம்மை அடக்கி ஆண்டவன். சுயராஜ்யத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டு வளர்ந்த குடும்பம் நம்முடையது. இந்த மூன்று வாக்கியங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பது சுகமாயில்லை.

ஆனால் நேப்பியரின் நோக்கத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கலையபிமானி அவர் என்பதில் சந்தேகமில்லை. அதே சமயத்தில் சர்க்காருக்குக் கோர்ட்டுகள் நடத்த இடமும் வேண்டியிருந்தது. ஆகவே நாயக்கரின் அரண்மனையில் ஜட்ஜுகள் வந்து அமர்ந்தார்கள். 1970 வரையில் ஜில்லா கோர்ட்டு அங்கேதான் நடந்தது. ஒரு நூற்றாண்டு காலம் அந்த வளைவுகளின் கீழ் கறுப்புக் கோட்டுகளும், வாய்தாவுக்கு வந்த குடியானவர்களும், டவாலிச் சேவகர்களும் நடமாடினார்கள். ஸ்வர்க்க விலாஸத்தில் சிவில் வழக்கா என்று ரஸிகர்கள் முகம் சுளிக்கலாம். நம்முடைய எண்ணம் வேறு. தினம் பத்து மணிக்கு யாரோ வந்து கதவைத் திறந்ததனால், ஒழுகும் இடம் தெரிந்தது. தெரிந்ததனால் அடைத்தார்கள். கோர்ட்டு போன பின் இராஜ்ய சர்க்காரின் தொல்லியல் துறையார் பொறுப்பேற்று, இன்று வரையில் பூச்சும் மராமத்தும் செய்துவருகிறார்கள். இரவில் ஒலி ஒளிக் காட்சி நடக்கிறது. சினிமாக்காரர்களும் வந்து போகிறார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர் விஷயம் ஒன்றும் ஞாபகம் வந்தது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்து, சின்னஞ்சிறு வீட்டில் குடியிருந்தார். மாளிகைகளை நம்பாத ஊர் என்று இதனாலேயே நமக்கு ஒரு கர்வம் உண்டு. அதே ராஜாஜி 1948-ல் கவர்னர் ஜெனரலாகி, வைஸ்ராய்கள் வசித்த டில்லி மாளிகையில் குடி புகுந்தார். அந்நியன் கட்டியது என்று அதை யாரும் இடித்துவிடவில்லை. அதுவே பிற்பாடு ராஷ்டிரபதி பவனமாயிற்று. குடிசையில் இருக்கத் தெரிந்தவருக்கு மாளிகையில் குடியிருக்கவும் தெரிந்திருந்தது.

தூண்களை அருகில் போய்த் தொட்டுப் பார்த்தோம். கை எட்டும் உயரம் வரையில் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள்: அம்புக்குறி துளைத்த இருதயங்கள், ஊர்ப் பெயர்கள், வருஷங்கள். அதற்கு மேலே வழவழவென்று பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றும் வித்தை அது. நம் ஜில்லாவின் பழைய வீடுகளிலும் இதே முறைதான். சாந்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஊற்றிக் கலப்பார்கள். பிறகு விசாரித்ததில் முக்கியமான சங்கதி ஒன்று தெரிந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். கட்டடம் சற்று அசைந்தாலும் தானும் இசைந்து கொடுக்கும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டு, உப்புப் பூத்து, பழைய செங்கல்லை உள்ளுக்குள்ளேயே மாவாக்கிவிடும். நம் கொத்தனார் காட்டிய சலுகையின் பொருள் அப்பொழுதுதான் விளங்கிற்று. வடபுறச் சுவரில் இருபது வருஷத்துக்கு முன் சாட்சாத் நாமே ஒரு சிமெண்டுப் பூச்சுப் போட்டதும் ஞாபகம் வந்தது. விரிசலுக்குக் காரணம் ஐப்பசி மழை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோமே!

திரும்பும் வழியில் பத்துத் தூண் சந்துக்குள் நுழைந்தோம். அரண்மனையின் அழிந்த பகுதியைச் சேர்ந்த பத்துக் கல் தூண்கள் அங்கே நிற்கின்றன. மேலே கூரை கிடையாது, வளைவு கிடையாது, பூச்சு கிடையாது. சுற்றிலும் ஜவுளிக் கடைகள். ஒருவர் தூணடியில் மூட்டையைச் சாய்த்துவிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். வீட்டை விட்டுப் பிரிந்த தூண் எவ்வளவு உயரமாயிருந்தாலும் பார்ப்பதற்கு வழி தவறிய மனிதனைப் போலத்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி லாரிக்காரரையும் அழைத்துக்கொண்டு திருச்செங்கோடு வந்தான். கையில் அளவு நாடா. நாம் ஆசாரத்தில் உட்கார வைத்து, சொக்கநாத நாயக்கரின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னோம். கொஞ்சம் உருக்கமாகவே சொன்னோம் போலிருக்கிறது. லாரிக்காரர் கூடத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பி பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அண்ணா, திருச்சியில் அவர் கட்டின மாளிகை இருக்கிறதா, இல்லையா?" என்றான்.

"அங்கே நாயக்கர் காலத்துத் தர்பார் மண்டபம் இருக்கிறது. மங்கம்மாள் மஹால் என்கிறார்கள். சர்க்கார் மியூசியம் நடக்கிறது."

"அப்படியென்றால் அவரும் ஒன்றும் வீணாக்கவில்லையே!"

இந்தக் கேள்வியை நாம் மதுரையிலிருந்து வரும் வழியெல்லாம் எதிர்பார்க்கவில்லை. பதில் தேடிக்கொண்டிருக்கையில், அத்தை காப்பி டம்ளர்களோடு பின்கட்டிலிருந்து வந்தார். தூணில் அளவு நாடா தொங்குவதைப் பார்த்தார். "ஏஞ் சாமி, தூணெக் கழட்டிப் போட்டா ஓடு எது மேல நிக்கும்?" என்று சாதாரணமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, லாரிக்காரருக்குச் சர்க்கரை போதுமா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

தம்பி நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டான். சற்று நேரம் பேசவில்லை. பிறகு பொடக்காலிக்குப் போய்ச் சுவரைப் பார்த்தான். "சிமெண்டை உரித்தால் உள்ளே எவ்வளவு போயிருக்கும்?" என்று அவனே கேட்டான். கணக்குப் போட்டோம். பின்கட்டின் ஓட்டை மாற்றவும் வடபுறச் சுவரைப் பாதிக்கு மேல் கட்டவும் ஆகும் தொகை, அவன் பங்களாவின் வாசல் கேட்டுக்கு ஆன செலவைவிட அதிகம். நாலு கடை கட்டுவதைவிடக் குறைவு. முழுவதும் கையில் இல்லை. இவ்வருஷம் சுவர், அடுத்த வருஷம் ஓடு என்று தீர்மானமாயிற்று. தெருப்பக்கத்து இரண்டு அறைகளை ஆபீசுக்கு வேண்டுமென்று ஓர் ஆடிட்டர் கேட்டிருக்கிறார். நாயக்கர் அரண்மனையில் கோர்ட்டு நடந்ததை எண்ணிச் சம்மதித்துவிட்டோம். ஊஞ்சல் பலகையைத் தம்பி எடுத்துக்கொண்டான். அதற்கு நாம் ஆட்சேபம் சொல்லவில்லை.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவதுதான் பெரும் பாடாய்விட்டது. கடைசியில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் அகப்பட்டார். வந்தவுடன் சிமெண்டுப் பூச்சைப் பார்த்து, "இதெப் போட்ட புண்ணியவான் யாருங்க?" என்று கேட்டார். நாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். பொடக்காலியில் குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றிப் போட்டிருக்கிறார். குறைந்தது மூன்று வாரம் ஊற வேண்டுமாம். பானையில் கடுக்காய் ஊறிக்கொண்டிருக்கிறது. அந்த வாசனை ஆசாரம் வரையில் வருகிறது. குழியின் மேல் பலகை போட்டு, தன் கோழிகள் அதில் விழுந்துவிடாமல் அத்தை காவல் காக்கிறார். மேல்பூச்சுக்கு முட்டை எத்தனை வேண்டும் என்று தினமும் கேட்கிறார். பெரியவர் இன்னும் எண்ணிக்கை சொல்லவில்லை.